ஒரே ஒரு ‘ரைட்’

மைக்செட் என்று அவருக்குப் பேர் வைத்தது யார் என்று பணிமனையில் யாருக்கும் இப்போது நினைவில்லை. வைத்தவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். பதினேழாம் எண் பேருந்தின் நடத்துநர் அவர். வயது ஐம்பத்திரண்டு. ஆள் ஒல்லி, குரல் பருமன். நடத்துநர் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு துணிக்கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டு இருபத்தைந்து வருடமாகிறது, அந்த வாயை மட்டும் விடவில்லை.

வீட்டில் அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். “இந்த மனுஷன் வாயை மூடுறது சாப்பிடும்போது மட்டும்தான். அதுவும் மெல்லணுமேன்னு” என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மைக்செட் அதையும் ஒரு விருது மாதிரி வாங்கிக்கொள்வார்.

பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அவரிடம் ஒரு வசனம் உண்டு. நீதிமன்றம் வந்தால், “ஜெயிச்சவங்க முன் வாசல், தோத்தவங்க பின் வாசல், வக்கீலுங்க எந்த வாசல்லயும் இறங்கலாம்!” பள்ளிக்கூடம் வந்தால், “படிக்கிறவங்க இறங்குங்க, மத்தவங்களும் வேற வழியில்லாம இறங்குங்க!” காலையில் கடுகடுவென்று ஏறுகிற முகங்கள்கூட மூன்றாவது நிறுத்தத்துக்குள் சிரித்துவிடும். அவருக்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்கள் இருந்தார்கள்.

பதினான்காவது நிறுத்தம் மனநல மருத்துவமனை. நீளமான மஞ்சள் சுவர், இரும்புக் கதவு, உள்ளே ஒரு பெரிய மரம். பேருந்திலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார். “நட்டு கழண்டவங்க எல்லாம் பாத்து இறங்குங்க, நட்டு கீழ விழுந்துடப் போகுது!” வண்டி முழுக்கச் சிரிக்கும். இறங்க வேண்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார்கள். நிறையப் பேர் அங்கே இறங்குவதே இல்லை. அடுத்த நிறுத்தமான தண்ணீர்த் தொட்டிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், அங்கே இறங்கி, மஞ்சள் சுவரை ஒட்டியே திரும்பி நடந்து வருவார்கள். மைக்செட்டுக்கு அது தெரியும். தெரிந்தும், “தண்ணித் தொட்டியா? குளிக்கவா?” என்று கேட்பார்.

அவர் கெட்டவர் இல்லை. கர்ப்பிணி ஏறினால் இடம் பிடித்துக் கொடுப்பார், கண் தெரியாதவரைக் கைபிடித்துச் சாலையைக் கடக்கவிட்டுத்தான் விசில் ஊதுவார். ஆனால் கெட்டவன் செய்கிற வேலையை நல்லவன் சிரித்துக்கொண்டே செய்தால் யாரும் கேட்பதில்லை. இதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த வண்டியின் ஓட்டுநரை எல்லாரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவர். வண்டியை நிறுத்தினால் உள்ளே ஒருவர் கையில் தேநீர் வைத்திருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. ஆறு வருடமாக இவர்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. மைக்செட் பேசுவார், நிதானம் கண்ணாடியில் பார்த்துப் புன்னகை செய்வார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச்சு அளவாக இருந்தது என்று பணிமனையில் கேலி செய்வார்கள்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சந்தை நிறுத்தத்திலிருந்து வண்டி கிளம்பியபோது, சைக்கிள்காரர் ஒருவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவரே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, பேருந்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார். விசாரணையில் ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். விஷயம் முடிந்தது. நிதானத்துக்கு மட்டும் முடியவில்லை.

“பத்தடி போயிட்டேன்பா. அந்த ஆளு விழுந்ததே எனக்குத் தெரியல” என்றார் அன்று மாலை.

“அதான் ஒண்ணும் ஆகலையேண்ணே!”

“தெரியலையே, அதைத்தான் சொல்றேன்.”

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. எல்லாரும் ஏறியபிறகு நடத்துநர் பின்பக்கப் படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு விசில் ஊதி, ‘ரைட்’ என்று குரல் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டும். எல்லா வண்டியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் நிதானம் எடுக்கவில்லை. கண்ணாடியில் மைக்செட்டைப் பார்த்து, “பாத்தியா?” என்றார்.

“பாத்தேண்ணே, ரைட்!”

வண்டி கிளம்பியது. அடுத்த வாரம் இரண்டு தடவை கேட்டார். பிறகு மூன்று. “நல்லா பாத்தியா? அடியில?” சில நிறுத்தங்களில் அவரே இறங்கிப் போய்க் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு வந்தார். மைக்செட்டுக்கு அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. “டயர்ல காத்து கம்மி, அதான் டிரைவர் நலம் விசாரிக்கிறாரு!” என்று பயணிகளிடம் சமாளித்தார். ‘ரைட்’டை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார். “ரைட்டு, ரைட்டு, ரைட்டோ ரைட்டு, அடியில ரைட்டு, பின்னாடி ரைட்டு!” பயணிகள் கை தட்டினார்கள். நிதானத்தின் முகம் ஒரு நிமிடம் தெளியும். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடி இருண்டுவிடும்.

வண்டி தினமும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கிளை மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். “சாலையில நெரிசல் சார்” என்று மைக்செட் அடித்துச் சொன்னார். ஒரு நண்பனுக்காகப் பொய் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்கிறேனே, இதைவிட ஒருத்தன் என்ன செய்ய முடியும் என்று நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானத்தின் மனைவி மைக்செட் வீட்டுக்கு வந்தார். தைப்பதற்குத் துணி கொண்டுவந்த மாதிரி ஒரு பை வைத்திருந்தார். பையில் துணி இல்லை. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?” என்றார் மைக்செட்.

“எனக்கென்ன தம்பி. அவருக்குத்தான். ரெண்டு மணிக்கு வேலை முடியுதுல்ல? வீட்டுக்கு ஆறு மணிக்கு வர்றாரு. நான் என்னென்னமோ நினைச்சேன். போன வாரம் பின்னாடியே போய்ப் பாத்தேன். பஸ்ஸு போன பாதையில நடந்தே போறாரு தம்பி. ரோட்டோரமெல்லாம் பாத்துக்கிட்டே போறாரு. யாராவது அடிபட்டு விழுந்து கிடக்காங்களான்னு.”

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. மைக்செட்டின் மனைவி எழுந்து வந்து அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர்கிட்ட போகலாமே அண்ணி. நம்ம ரூட்லதானே ஆஸ்பத்திரி இருக்கு?” என்று மைக்செட் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா தலையை ஆட்டினார்.

“கால்ல விழாத குறையா சொல்லிட்டேன். ‘அந்த ஸ்டாப்புல நான் போய் இறங்கவா? ஆறு வருஷமா மைக்செட் அங்க என்ன சொல்றான்னு நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்’கிறாரு. உங்களைக் குத்தம் சொல்ல வரலை தம்பி. அவரு சொன்னதைச் சொன்னேன்.”

மைக்செட் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் பேச்சு வராமல் நின்ற கணவனை அவர் மனைவி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

மறுநாள் பதினான்காவது நிறுத்தம் வந்தபோது, “மனநல மருத்துவமனை” என்று மட்டும் சொன்னார். வண்டி காத்திருந்தது. சிரிப்பதற்குத் தயாராக வைத்திருந்த வாய்கள் அப்படியே நின்றன. “என்ன கண்டக்டரே, மறந்துட்டீங்களா?” என்று வழக்கமாக வருகிற ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்து, அதே இழுவையோடு, “நட்டு கழண்டவங்க எல்லாம்…” என்று ஆரம்பித்தார். வண்டி சிரித்தது. மைக்செட்டுக்குத் தான் பெற்ற பிள்ளை தெருவில் யாரையோ கல்லால் அடிப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் நிமிர்ந்து முன்னால் பார்த்தார். கண்ணாடியில் நிதானத்தின் கண்கள் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை இரண்டு பேருக்கும் விடுப்பு நாள். மைக்செட் சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பயணியாகப் பதினேழாம் எண் வண்டியில் ஏறினார். அன்று அந்த வண்டியில் வேலை பார்த்தவர் இவரிடம் தொழில் கற்றவர்போல இவருடைய வசனங்களையே எடுத்துப் பேசுகிற ஒரு நடத்துநர்.

“எங்கண்ணே?”

“மனநல மருத்துவமனை. ஒண்ணு.”

நடத்துநர் சீட்டைக் கிழிக்காமல் அப்படியே நின்றார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. “பாருங்கப்பா, நம்ம மைக்செட்டு அண்ணனுக்கே நட்டு கழண்டுருச்சாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். மைக்செட்டும் சிரித்தார், வேறு வழியில்லை. ஆனால் காது மடல் சுட்டது. நிறுத்தம் வந்தபோது எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்திருக்க முடியவில்லை. வண்டி அவரையும் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அங்கே இறங்கி, மஞ்சள் சுவரை ஒட்டித் திரும்பி நடந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்தச் சுவர் அவ்வளவு நீளம் என்று இத்தனை வருடமாக அவருக்குத் தெரியாது.

உள்ளே கம்பி இருக்கும், அலறல் கேட்கும் என்று நினைத்திருந்தார். இரண்டு வரிசை பெஞ்சு இருந்தது. ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. சுவரில் ‘தூக்கம் வரவில்லையா? பேசலாம், வாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பேருந்தில் தினமும் பார்க்கிற மாதிரி ஆட்கள்தான். ஒருவர் வீட்டுப்பாட நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். ஒருவர் கைப்பேசியில் யாருக்கோ சிமெண்டு மூட்டைக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கண்டக்டர் அண்ணே?”

திரும்பினார். நீதிமன்றத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மா. மாதத்தில் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குச் சீட்டு வாங்குகிறவர். குளிக்கவா என்று இவர் கேட்டது அந்த அம்மாவையும்தான். கிளம்பி ஓடிவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

“முதல் தடவையா? இந்தப் பக்கம் இல்லைண்ணே. வலது பக்கம் ரெண்டாவது ஜன்னல். அடையாள அட்டை ஒண்ணு இருந்தா போதும். கூட்டம் கம்மிதான், சீக்கிரம் கூப்பிட்டுருவாங்க. பயப்படாதீங்க” என்றார் அந்த அம்மா. கூடவே வந்து, ஜன்னலில் படிவம் வாங்கிக் கொடுத்தார். எழுதுவதற்குத் தன் பேனாவையும் கொடுத்தார்.

“நான் எனக்காக வரலைம்மா” என்று மைக்செட் ஆரம்பித்து, அது எவ்வளவு அசிங்கமாக ஒலிக்கிறது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். “உங்களை நான்… வண்டியில…”

“விடுங்கண்ணே. மூணு வருஷமா நடந்து வர்றேன். மழையிலகூட நடந்திருக்கேன். அதுகூடப் பரவாயில்லை. ஒருதடவை எங்க அம்மாவைத் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு நீங்க அந்த நட்டு விஷயம் சொன்னப்போ எங்க அம்மாவும் சேர்ந்து சிரிச்சாங்க. நாங்க எங்க போறோம்னு யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு. அதுதான் இன்னும் மனசைவிட்டுப் போகமாட்டேங்குது.”

“மன்னிச்சுடும்மா” என்றார் மைக்செட். அந்தக் குரலில் இப்படி ஒரு சின்னச் சத்தம் இருப்பது அவருக்கே புதிது. அந்த அம்மா பேனாவை மூடிக்கொண்டு, “படிவத்துல கையெழுத்துப் போட மறந்துட்டீங்க” என்றார்.

ஆறாம் எண் அறையில் இருந்த உளவியல் ஆலோசகர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மேசையில் கோப்புகளுக்கு நடுவில் பாதி குடித்த தேநீர் ஆறிக்கிடந்தது. மைக்செட், “என் நண்பர் ஒருத்தர்…” என்று தொடங்கியதும் அவர் புன்னகை செய்தார்.

“நண்பருக்காகன்னுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பாங்க. பரவாயில்லை, சொல்லுங்க.”

“நிஜமாவே நண்பர்தான் மேடம்!”

“நம்புறேன். அவர் பேரு வேண்டாம். என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். பத்தடி, சக்கரம், நடை எல்லாவற்றையும் சொன்னார். ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “அவர் கவனமில்லாம ஓட்டுற ஆளா?” என்றார்.

“ஐயையோ! அவருக்குப் பேரே நிதானம்!”

“ம். இப்படிப்பட்டவங்களைத்தான் இது பெரும்பாலும் பிடிக்குது. எண்ணச் சுழற்சி நோய், இங்கிலீஷ்ல ஓ.சி.டி.ன்னு சொல்லுவோம். பூட்டின கதவை இழுத்து இழுத்துப் பாக்கிறவங்க, கையைக் கழுவிக்கிட்டே இருக்கிறவங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. ஓட்டுநருக்கு இப்படி வரலாம். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. நிறையப் பேர் நல்லா தேறி வந்திருக்காங்க. அவர் ‘பாத்தியா’ன்னு கேட்டா நீங்க என்ன செய்வீங்க?”

மைக்செட் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. “எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவேன் மேடம். பத்து தடவை கேட்டா பத்து தடவை ரைட்டு. ஒருநாள்கூட சலிச்சுக்கிட்டதில்லை.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “உங்களுக்கு அவர்மேல ரொம்பப் பிரியம்” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. நீங்க ஒவ்வொரு தடவை ‘ரைட்’ சொல்றதும் அவரோட சந்தேகத்துக்குத் தீனி போடுறதுதான். அப்போதைக்கு அமைதியா இருக்கும். அடுத்த தடவை ரெண்டு பங்கு கேக்கும்.”

மைக்செட்டுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டு, அந்தக் கைதட்டல், அந்தப் பெருமை. பதினொரு மாதமாக நண்பனுக்கு மருந்து என்று நினைத்து எதை ஊட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. ஆலோசகர் தண்ணீர் குவளையை நகர்த்தி வைத்தார்.

“வேலை போயிடுமா மேடம்?”

“அதை இப்பவே நான் சொல்ல முடியாது. முதல்ல வரட்டும். கொஞ்ச நாள் வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கலாம். எப்போ எடுக்கலாம்ங்கிறதையும் நாங்களே பாத்துச் சொல்லுவோம். இங்க பேசுறது அவர் விருப்பம் இல்லாம வெளியில போகாது.”

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் பத்தே முக்கால் மணிக்கு இடைவேளை. வண்டி காலியாக நின்றது. நிதானம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “படிச்சுப் பாரு. பிழை இருந்தா திருத்து.”

கிளை மேலாளருக்கு எழுதிய கடிதம். வண்டி ஓட்டும் தகுதி தனக்கு இல்லை என்றும், பணிமனைக் கதவருகே காவல் வேலை கொடுத்தாலும் போதும் என்றும், அதுவும் இல்லையென்றால் விலகிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தார். முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதர். லாரியின் சக்கரச் சத்தத்தைக் கேட்டே சுமை எவ்வளவு என்று சொல்லக்கூடியவர். கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

மைக்செட் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். “அண்ணே, நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“நம்ம பதினாலாவது ஸ்டாப்பு.”

நிதானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சீட்டு வாங்கறப்போவே மானம் போயிடுச்சுண்ணே. நம்ம ஆளுதான், என் வசனத்தையே எடுத்து என் மூஞ்சியில அடிச்சான். எழுந்திரிக்கவே முடியல. தண்ணித் தொட்டியில போய் இறங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்து வந்தேன். என்னா சுவருண்ணே அது! போகுது போகுது, முடியவே மாட்டேங்குது!”

நிதானத்தின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய மைக்செட்டுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. சிரிப்பு நடுவிலேயே திசை மாறிவிட்டது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானம் அழுதார். மைக்செட் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்துக்கொண்டார்.

“உங்களை அங்க போகவிடாம பண்ணது என் வாய்தான். தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லமாட்டேன். யோசிக்காம பண்ணிட்டேன். ஒருதடவை வாங்கண்ணே. நானும் கூட வர்றேன்.”

நிதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “எந்த ஸ்டாப்புல இறங்குறது?”

“அந்த ஸ்டாப்புலயேதான்.”

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே இறங்கினார்கள். மைக்செட் முதலில், நிதானம் அவர் பின்னால். புதன்கிழமை சிரித்த அதே நடத்துநர்தான் வண்டியில் இருந்தார். இறங்குகிறவர் யார் என்று பார்த்ததும் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இவர்கள் இரண்டு பேரும் சாலையைக் கடக்கும்வரை விசில் ஊதாமல் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மருந்து முதல் இரண்டு வாரம் நிதானத்துக்கு வாயை உலர்த்தியது, தலையைக் கிறுகிறுக்கவைத்தது. ‘இதெல்லாம் எதுக்கு’ என்று ஒருநாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார். அவர் மனைவி பொறுக்கி எடுத்துவைத்து, மருத்துவரிடம் கூட்டிக்கொண்டுபோய் அளவை மாற்றி வாங்கிவந்தார். கிளை மேலாளரிடம் நிதானமே போய்ச் சொன்னார். மேலாளர் கையைப் பிசைந்தார், மேலிடத்துக்கு எழுதினார். பதில் வருவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. மருத்துவர் சான்று கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், முதல் மூன்று மாதம் கண்காணிப்பு என்று பதில் வந்தது. வேலை முடிந்து நடந்து தேடுவதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார் ஆலோசகர். ஒரேயடியாக இல்லை. ஒருநாள் ஒரு நிறுத்தம் குறைவாக.

இதற்கிடையில் வேறு ஓட்டுநரோடு ஓடிய மைக்செட்டின் வண்டியில், பதினான்காவது நிறுத்தம் ஒரு நீண்ட அறிவிப்பாகிவிட்டது. “மனநல மருத்துவமனை! தூக்கம் வராதவங்க, மனசு சரியில்லாதவங்க, வீட்டுல யாருக்காவது அப்படி இருக்கிறவங்க, கூச்சப்படாம இறங்குங்க. வலது பக்கம் ரெண்டாவது ஜன்னல், அடையாள அட்டை போதும், நானே போய்ட்டு வந்திருக்கேன்!” கிளை மேலாளரிடம் புகார் போயிற்று. “நீ கண்டக்டரா, கம்பவுண்டரா?” என்று அவர் கேட்டார். “ஸ்டாப்பு பேரைத்தான் சார் சொல்றேன், கொஞ்சம் விவரமா” என்றார் இவர். தண்ணீர்த் தொட்டிக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் உடனே மாறிவிடவில்லை. வருடக்கணக்கில் குனிந்த தலை ஒரு வாரத்தில் நிமிராது. ஜெராக்ஸ் கடை அம்மா இன்னும் தொட்டியில்தான் இறங்குகிறார். மைக்செட் ஒன்றும் கேட்பதில்லை.

மருத்துவர் சான்று கொடுத்தபிறகு, நிதானம் திரும்பி வருவதற்கு முந்தைய வாரம், பணிமனை மைதானத்தில் காலி வண்டியை வைத்துப் பயிற்சி நடந்தது. ஆலோசகரின் விதி எளிமையானது. பணிமுறைப்படி ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்க்க வேண்டும். நடத்துநர் இரண்டு பக்கமும் பார்த்து, ஒருமுறை அந்த இரட்டை விசில், ஒருமுறை ‘ரைட்’. அதோடு சரி. அதற்குமேல் எத்தனை முறை கேட்டாலும் பதில் கிடையாது. ‘ஆமாம்’ கிடையாது, தலையாட்டல் கிடையாது, கண்ஜாடைகூடக் கிடையாது.

“அவருக்கு முடியும். உங்களுக்கு முடியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்” என்று ஆலோசகர் மைக்செட்டிடம் சொல்லியனுப்பினார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, மூன்றரை மாதத்துக்குப் பிறகு, நிதானம் பதினேழாம் எண் வண்டியை வெளியே எடுத்தார். முதல் எட்டு நிறுத்தங்கள் நல்லபடியாகப் போயின. இரண்டு இடத்தில் கேட்டார். மைக்செட் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் தயங்கி, வண்டி நகர்ந்தது. ஒன்பதாவது நிறுத்தம் சந்தை.

கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. கூடைகள், பைகள், பின்னால் இரண்டு சைக்கிள்கள். மைக்செட் கீழே இறங்கிப் பார்த்தார், படியில் ஏறினார், விசில் ஊதினார். “ரைட்!”

வண்டி நகரவில்லை.

“பாத்தியா?”

கண்ணாடியில் நிதானத்தின் கண்கள் தெரிந்தன. மைக்செட் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“டேய், பாத்தியா? சைக்கிள் ஒண்ணு இருந்துச்சே?”

இந்த ஆறு வருடத்தில் நிதானம் அவரை ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை. பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது. பயணிகள் முணுமுணுத்தார்கள். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அந்த முகம் தெளிந்துவிடும். தன் வாழ்நாளில் எத்தனையோ லட்சம் வார்த்தைகளை வீணாகக் கொட்டிய மனிதர், அந்த ஒரு வார்த்தையைத் தொண்டையிலேயே பிடித்துவைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் தாரையாக இறங்கியது.

“ஒரே ஒரு தடவை சொல்லுடா. சொல்லிடு, நான் எடுத்துடுறேன்.”

மூக்குக்கண்ணாடிக்காரருக்கு மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. உதவி செய்கிறவராக எழுந்து, “ரை…” என்று வாயெடுத்தார். மைக்செட் எட்டிப்போய் அவர் வாயைப் பொத்தினார். வண்டியே திகைத்துப்போய் அவர்களைப் பார்த்தது. மைக்செட் பொத்திய கையை எடுக்காமல், ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அங்கே நிதானம் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற முகத்தை, மூடிய வாயை, இன்னொருவர் வாயைப் பொத்திய கையை எல்லாம் பார்த்தார்.

நிதானம் ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். கியர் விழுந்தது. பத்தடி போயிற்று. இருபதடி போயிற்று. திருப்பம் வந்தது, வண்டி திரும்பியது. ஒரு கூடைகூடச் சாயவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் நிதானம் இருக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைக்செட் முன்னால் போய் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தார்.

“பதில் சொல்லாம நிக்கிறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?” என்றார் நிதானம்.

“செத்தே போயிட்டேண்ணே.”

நிதானம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அதையே மைக்செட்டிடம் நீட்டினார்.

“நாளைக்கும் கேப்பேன்” என்றார். “நாளைக்கும் சொல்லிடாத.”